புது நர்ஸுக்கு ஒரு சீனியர் துணை: உங்கள் வார்டில் எப்படி நடக்கிறது?

திருச்சி_வார்டு கேட்டது:

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் சேர்ந்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு ஹாலில் உட்கார வைத்து கை கழுவுவது, எந்தக் கழிவு எந்த நிறப் பையில், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று வகுப்பு எடுத்தார்கள், அதோடு சரி. வார்டுக்கு வந்தபின் "சந்தேகம்னா யாரையாவது கேட்டுக்கோ" என்கிறார்கள். காலை சிஸ்டர் சொல்லித் தந்த மாதிரி செய்தால் மதியம் வருகிறவர் "இப்படியா செய்வாங்க" என்கிறார். காலேஜ் போஸ்டிங்கில் ஒன்றிரண்டு பேஷன்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க கேர் பிளான் எழுதுவோம். இப்போது எட்டு பெட்டுக்கு மருந்து, நடுவில் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ், அட்டெண்டர்களின் கேள்வி எல்லாம் ஒரே நேரத்தில். சீக்கிரமே நைட் டூட்டியும் போடப்போகிறார்கள், பயமாக இருக்கிறது. சில இடங்களில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சீனியரையே ஒதுக்கி விடுவார்களாமே, அதனால் நிஜமாகவே பயன் இருக்கிறதா? நானாகப் போய்க் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

இன்சார்ஜ்_அக்கா:

தாராளமாகக் கேளு தங்கச்சி. "யாரையாவது" என்றால் யாருமே பொறுப்பில்லை என்று அர்த்தம். எங்கள் வார்டில் புதுப் பிள்ளை வந்தால் ஒரு சீனியர் பெயரை டூட்டி ரோஸ்டரிலேயே எழுதிவிடுவேன், இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட், நைட் உட்பட. அப்படிச் சேர்த்துப் போடாவிட்டால் ஒதுக்கியதில் பிரயோஜனமே இல்லை.

பயன் உண்டா என்று கேட்டாயே, இன்சுலினையே எடுத்துக்கொள். நம் ஊர் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். டிராயரில் 100 யூனிட் அளவுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் கலந்து கிடக்கும். அவசரத்தில் அதை எடுத்து 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான், மறுநாள் சுகர் ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இது புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒருத்தி நின்று "மூடியைப் பார், வயலைப் பார், இப்போ இழு" என்று நாலு தடவை சொன்னால்தான் கை அந்த வழக்கத்துக்கு வரும். பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான், அந்த ஆம்பூலை டைல்யூட் பண்ணாமல், அதாவது நீர்க்கச் செய்யாமல், நேராக ஐ.வி.யில் (நரம்பு வழியாக) தள்ளினால் இதயமே நின்றுவிடும். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும், அந்த இரண்டாவது ஆளைக் கூப்பிட உனக்குக் கூச்சம் இருக்கக் கூடாது.

அப்புறம் மூச்சு. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லா பேஷன்டுக்கும் 20, 20 என்று எழுதியிருக்கும், யாரும் எண்ணுவதில்லை. உன் சீனியர் நல்லவராக அமைந்தால் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வைப்பார். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 96 என்று நன்றாகத்தான் காட்டும், மூச்சு மட்டும் 30-க்குப் போயிருக்கும். அந்த நேரத்திலேயே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டால் ஒரு உயிர் மிஞ்சும்.

ஜி_ஹெச்_பிரதர்:

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் அந்த சீனியருக்கு எத்தனை பெட்? அதைச் சொல்லுங்கள். போதனா மருத்துவமனையில் மூன்று பேஷன்டுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு, வார்டில் நிற்கிறவர்களுக்குத் தெரியும் நிலவரம் என்னவென்று. தன் வேலையே முடியாமல் ஓடுகிறவரிடம் ஒரு புதுப் பெண்ணையும் ஒப்படைத்தால் எரிச்சல்தான் வரும், அது அட்டெண்டர் முன்னாலேயே கத்தலாக வெளியே வரும். ஒருமுறை அப்படித் திட்டு வாங்கின பிள்ளை அடுத்த சந்தேகத்தைக் கேட்காமலே மருந்தைக் கொடுத்துவிடும். சொல்லித் தருகிறவருக்கு முதல் சில வாரமாவது இரண்டு பெட் குறைத்துப் போட வேண்டும். வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காக யாரையும் இதில் தள்ளிவிடவும் கூடாது, பொறுமை இருக்கிறவரைத் தேடிப் போட வேண்டும்.

லீட்ஸ்_நர்ஸ்:

நான் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே இதற்கு பிரிசெப்டர்ஷிப் என்று பெயர், இந்த நாட்டு நர்சிங் கவுன்சில் 2020-இல் அதற்கான கொள்கைகளையே வெளியிட்டிருக்கிறது. நான் சேர்ந்தபோது முதலில் கொஞ்ச காலம் என்னை ஆள் கணக்கில் சேர்க்கவே இல்லை, கூடுதல் ஆளாக நின்று பார்த்தேன், செய்தேன். எல்லா வார்டிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், இங்கேயும் ஆள் பற்றாக்குறைதான். ஆனால் எனக்கு வாய்த்தவர் அருமையானவர். முதல் முறை என் பேஷன்ட் இறந்தபோது சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கும் முயற்சி) நிறுத்திய பிறகு எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள், அவர் மட்டும் என்னோடு நின்று கேனுலா (நரம்பில் போட்ட ஊசிக்குழாய்), டியூப் எல்லாம் எடுத்து, உடம்பைத் துடைத்து, குடும்பத்தாரிடம் என்ன சொல்வது என்று முதலில் அவர் பேசிக் காட்டினார். அப்புறம் டீ ரூமில் உட்கார வைத்து என்ன நடந்தது என்று என்னையே வரிசையாகச் சொல்ல வைத்தார். அன்றைக்கு அவர் இல்லையென்றால் நான் இந்த வேலையில் இருந்திருப்பேனா தெரியாது.

திருச்சி_வார்டு:

ரொம்ப நன்றி. எங்கள் இன்சார்ஜிடம் பேசப் போகிறேன். நைட்டுக்கு மட்டுமாவது ஒரு சீனியரோடு போடச் சொல்லிக் கேட்கலாமா?

இன்சார்ஜ்_அக்கா:

கேள், ஆனால் அடுத்த மாத ரோஸ்டர் போடுவதற்கு முன்னாலேயே கேள், போட்ட பிறகு மாற்றுவது எங்களுக்குத் தலைவலி. பொதுவாகச் சொல்லாமல், யாரோடு வேண்டும் என்று பெயரைச் சொல். உன் சந்தேகங்களில் ஐந்தாறை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. ஷிப்ட் மாறும் ஹேண்டோவர் நேரத்தில் போய் நிற்காதே, மதியம் மருந்து முடிந்து வார்டு கொஞ்சம் அடங்கியதும் போ.