ஐப்பசி மழைக்கு முன்னாடி மஸ்டாங் காருக்கு டயர் மாத்தணும், வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில இருந்து எழுதுதேன். என்கிட்ட 2017 மஸ்டாங் இருக்கு, பின்சக்கர இழுவை, அதாவது எஞ்சின் பின்சக்கரத்தத்தான் சுத்தும். டயர் பட்டன், அதான் டயர் மேல உள்ள வரிப்பள்ளம், தேஞ்சு 3 மில்லிமீட்டர் ஆழம்தான் நிக்கி. சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம். ஆனா அகல டயர் தேங்குன தண்ணியில மிதந்துருதே! போன ஐப்பசியில நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில பின்பக்கம் வழுக்கி, பக்கத்துல இருந்த அம்மா அலறிட்டாவ. அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்கி.

கனடாவுல இருக்க மச்சான் பனி டயர் போடச் சொல்லுதான். அது 7 டிகிரிக்குக் கீழ உள்ள குளிருக்கான மெத்துனு இருக்க ரப்பர், நம்ம ரோட்டுச் சூட்டுல சீக்கிரம் தேஞ்சிரும். எனக்கு வேண்டியது தண்ணிய வாரி வெளியேத்துற ஆழமான பட்டன். 19 இஞ்சு சக்கரத்துக்கு அப்படி டயர் வண்ணார்பேட்டை பக்கமோ மதுரையிலயோ எங்க கிடைக்கும்? நாலையும் மாத்தணுமா, பின்னாடி ரெண்டு போதுமா?

சஷ்டிக்கு அம்மாவ திருச்செந்தூர் கூட்டிட்டுப் போகணும், அதுக்குள்ள சொல்லுங்க.