திருப்பூரை விட்டு ஊருக்கு வந்த பையன்: தானாச் சரியாயிருமா?

வைகைக்கரை:
தங்கச்சி குடும்பம் கடன் தாங்காம திருப்பூரைக் காலி பண்ணி, மே மாசம் கமுதிப் பக்கம் மச்சான் ஊருக்கே வந்துருச்சு. மச்சான் பவர் டேபிள் டெய்லர். பையன் ஆறாவது. பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து காலைல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுறான். ஞாயித்துக்கிழமை மட்டும் வலி இல்ல. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அவன் அப்பத்தா தாயத்து கட்டியாச்சு. மனநல டாக்டர்ட்ட காட்டலாம்னேன், வீட்ல சண்டை.

செவக்காட்டான்:
பள்ளிக்கூடம் பிடிக்காத பயலுக்கு வயித்துவலி வர்றது என்ன அதிசயம்? அங்க அப்பனும் ஆத்தாளும் ஷிப்டுக்குப் போயிட, லைன் வீட்ல செல்போனோட பூட்டிக் கிடந்த பிள்ளைதானே? இங்க அப்பத்தா இருக்கு, கம்மா இருக்கு. நீச்சல் பழகுனா எல்லாம் ஓடிரும்.

நிலா டீச்சர்:
கம்மாய்க்குப் போகக் கூட்டாளி வேணும்ல அண்ணே? இப்படி வர்ற பிள்ளைகள் என் வகுப்புலயும் இருக்கு. பக்கத்துல உக்காந்தவன் கேக்குற முதல் கேள்வி, "நீ எந்தத் தெரு?" லைன் வீட்டுக் காம்பவுண்டுல அவனை யாரும் இப்படிக் கேட்டதில்ல. பதில் சொன்னதும், இனி யார் கூடச் சேரலாம்னு முடிவாயிருது. கையில என்ன கலர் கயிறுன்னு பாக்குறாங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பசங்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினாங்க. அதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறையே தடை பண்ணணும்னு 2024ல அறிக்கை குடுத்துச்சு.

செவக்காட்டான்:
எதை எடுத்தாலும் சாதியா? எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாது.

நிலா டீச்சர்:
எந்தத் தெருவுல இருந்து சொல்றீங்க?

பனியன்காரன்:
அது ஒரு பக்கம். வைகைக்கரை, வீட்ல கடன் பேச்சை அவன் முன்னாடியே பேசுறீங்களா? நாங்க திரும்பி வந்தப்ப, "உன் பீஸ் கட்டியே அழிஞ்சோம்"னு என் பொண்டாட்டி கோவத்துல சொன்னதைப் பொண்ணு மனசுல வச்சுக்கிட்டா. தன்னாலதான் ஊரை விட்டு வந்தோம்னு நெனச்சுக்கிட்டு, நோட்டு தீந்துட்டாக்கூடக் கேக்க மாட்டா.

வைகைக்கரை:
பேசுறோம். தினமும்.

செவக்காட்டான்:
அதை நிறுத்துங்க, ஒத்துக்கிறேன். அதுக்காக டாக்டரா? ராமநாதபுரம் போய் வர ஒரு நாள் கூலி போகும். மாத்திரை குடுத்துத் தூங்க வைப்பான். ஊர்ல பைத்தியம்னு பேரு வேற.

நிலா டீச்சர்:
கூலி போறது நிஜம், அதைச் சாதாரணமா நினைக்கல. ஆனா இந்த மாதிரி பயத்துக்குப் பெரும்பாலும் முதல்ல உக்கார வச்சுப் பேசத்தான் செய்வாங்க. எடுத்ததும் மாத்திரை இல்ல. போறதுக்கு முன்னாடி 14416க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். நேர்ல பாக்கணும்னா மாவட்ட மனநலத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரியிலயே பாப்பாங்க. வகுப்பு டீச்சர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவனா?

வைகைக்கரை:
ஆமா. இப்ப தமிழ் மீடியம். அறிவியல் புத்தகத்தைத் தொறக்கவே மாட்டேங்குறான்.

நிலா டீச்சர்:
ஒளிச்சேர்க்கைன்னா போட்டோசிந்தசிஸ்னு யாராவது சொல்லிக்குடுத்தா பாதி பயம் போயிரும். அவனுக்குப் பாடம் தெரியும், பேருதான் புதுசு.

வைகைக்கரை:
போன்ல பையன் பேசணுமா, நாங்க பேசுனாப் போதுமா?

நிலா டீச்சர்:
முதல்ல நீங்க பேசுங்க. அவன் பக்கத்துல இல்லாதப்போ.