2003ல ஏ9 ரோட்ல யாழ்ப்பாணம் போன அனுபவம்

இலங்கையில ஏ9 ரோட்ல (கண்டியிலருந்து வவுனியா வழியா யாழ்ப்பாணம் போற ரோடு) போன அனுபவத்தை எல்லாரும் இங்க எழுதுறீங்க, நானும் என்னோடத சொல்றேன். இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை நிறுத்தம் இருந்த டைம்ல சென்னையிலருந்து கொழும்பு, அங்கேருந்து வவுனியா, அப்புறம் ஏ9 ரோட்ல யாழ்ப்பாணம். வருஷக்கணக்கா மூடிக்கிடந்த ரோடு, 2002ல ஒப்பந்தம் வந்த சமயத்துலதான் திறந்தாங்க.

ஓமந்தையில ஆர்மி செக்பாயிண்ட். வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்கன்னு எல்லாரும் இறங்கி பையைத் தூக்கிட்டு வரிசையில நிக்கணும், ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாப்பாங்க. நடுவுல யாருக்கும் இல்லாத ஒரு துண்டு ரோடு, செஞ்சிலுவைக்காரங்க மட்டும் இருந்தாங்க. அதைத் தாண்டினா புளியங்குளத்துல புலிகளோட செக்பாயிண்ட், அங்கயும் அதே வரிசை அதே பை. டைம் கூட வேற! 1996ல கொழும்புல கடிகாரத்தை மாத்தினப்ப புலிகள் கையில இருந்த வன்னியில அதை ஏத்துக்கல, பழைய நேரத்தையே வெச்சிருந்தாங்க, அதாவது இந்திய நேரம். பஸ்ல எல்லாரும் வாட்ச்சை அரை மணி பின்னாடி தள்ளினாங்க.

ரோட்டோரம் பூரா மண்டையோடு போட்ட மிதிவெடி போர்டு. ஒண்ணுக்குப் போகணும்னாலும் தாரை விட்டு இறங்காதீங்கன்னு கண்டக்டர் சத்தம் போட்டுச் சொல்லுவார். முறிகண்டி பிள்ளையார் கோயில்ல எல்லா வண்டியும் நிக்கும், தேங்காய் உடைச்சிட்டுத்தான் கிளம்புவாங்க. பக்கத்து சீட்ல இருந்த அம்மா அங்க சுடச்சுட கச்சான் (நம்மூர் வறுத்த வேர்க்கடலைதான்) வாங்கி என் கையில கொட்டிட்டு, "தம்பி இந்தியாவிலயிருந்தோ வாறியள்?"னு ஆரம்பிச்சாங்க. கொழும்புல மகள் வீட்டுக்குப் போயிட்டு யாழ்ப்பாணம் பக்கத்துல கோப்பாய்க்குத் திரும்புறாங்க, ஆனா சொந்த ஊர் அதுக்கு வடக்கே கடலோரம் இருக்கிற மயிலிட்டி. 1990 சண்டையில கட்டின துணியோட கிளம்பினது, அதுக்கப்புறம் பலாலி ராணுவ முகாமைச் சுத்தி அந்தப் பகுதி மொத்தமும் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிடுச்சு, ஊர்க்காரங்க உள்ள போக முடியாது. வீடு இருக்கா இடிஞ்சுதான்னு கூட தெரியாது. "நீங்கள் கடல் தாண்டி வந்திட்டியள், நான் என்ரை கிணத்தடிக்குப் போகேலாமல் கிடக்கிறன்"னாங்க. எனக்கு பதில் வரல.

ஆனையிறவு, பளை, முகமாலைன்னு போகப்போக ரெண்டு பக்கமும் தலை இல்லாத பனைதான், ஷெல் அடிச்சு மொட்டையா நிக்குது. முகமாலையில திரும்பவும் ஆர்மி, திரும்பவும் இறங்கி பை பிரிக்கிறது. சாவகச்சேரியில கூரையோட நின்ன கட்டிடத்தைத் தேடணும், 2000 சண்டை அப்படி. அந்த அம்மா இதையெல்லாம் பாக்கவே இல்ல, கோப்பாய்ல இறங்கினதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போகணும்னு அதையே சொல்லிட்டு வந்தாங்க, போய் சாப்பிட்டேன், ஒடியல் கூழ் (காஞ்ச பனங்கிழங்கு மாவுல காய்ச்சுறது).

அங்க சம்பந்தமே இல்லாத எனக்கு ஒரு பாஸ்போர்ட் இருந்ததால ரெண்டு தரப்பும் வழி விட்டாங்க, அந்த மண்ணுலயே பொறந்தவங்களுக்கு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டைப் பாக்க வழியில்ல. அது அநியாயம்னுதான் அன்னிக்கும் நினைச்சேன், இன்னிக்கும் நினைக்கிறேன்.

2006 ஆகஸ்ட்ல ரோட்டை மறுபடி மூடிட்டாங்க, அந்த அம்மாவோட தொடர்பும் விட்டுப்போச்சு. 2017 ஜூலையில மயிலிட்டி துறைமுகத்தை விடுவிச்சாங்கன்னு செய்தி படிச்சப்ப அவங்க இருக்காங்களான்னு விசாரிக்க ஒரு வழியும் இல்ல. மயிலிட்டி இருக்கிற வலிகாமம் வடக்குல இன்னும் திருப்பிக் குடுக்காத காணி இருக்கு. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இங்க இருந்தா, திரும்பிப் போனவங்க வீடு கிணறெல்லாம் எந்த நிலைமையில கிடைச்சதுன்னு எழுதுங்க ப்ளீஸ்.