ஸ்காட்லாந்துப் படைத் தொப்பிச் சின்னமும் அதன் பின்னுள்ள டார்டன் துணியும்: அசல் என்று எப்படி உறுதி செய்வது?

பர்கூர்க்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில், பழைய பித்தளைச் சாமான்களை எடைக்கு வாங்கும் கடையொன்றில், வெள்ளை உலோகத்தாலான தொப்பிச் சின்னம் ஒன்றைச் சென்ற வாரம் கண்டேன். நட்சத்திரத்தின் நடுவே ஊதுகொம்பு, அதன் வளைவுக்குள் எச், எல், ஐ என்ற எழுத்துகளின் பின்னல், மேலே கிரீடம், கீழே 'அஸ்ஸாயே' என்று பொறித்த பட்டை, அதனடியில் யானை. பின்புறம் பச்சையும் கருநீலமும் கலந்த கட்டங்களில் வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஓடும் துணி இருக்கிறது. திப்புவுடன் நடந்த போரில் நம் கோட்டையடியில் விழுந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் தொப்பியில் இருந்தது என்று சொல்லிக் கடைக்காரர் 3,000 ரூபாய் கேட்கிறார். 500 ரூபாய் முன்பணம் கொடுத்து எடுத்து வந்திருக்கிறேன். மீதியைக் கொடுக்கலாமா?

தருமபுரி சேகரிப்பாளன்:

கடைக்காரரின் கதையில் கால்வாசி உண்மை உண்டு. 1791 நவம்பரில் ஆங்கிலேய அதிகாரி மேக்ஸ்வெல் தலைமையில் வந்த படை கிருஷ்ணகிரிக் கோட்டையை இரவில் தாக்கித் தோற்றுத் திரும்பியது. அந்தப் படையில் ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் 74ஆம் ஹைலாண்டர் பிரிவும் இருந்தது. ஆனால் மராட்டியரை ஆங்கிலேயர் வென்ற அஸ்ஸாயே போர் நடந்தது 1803 செப்டம்பரில். 71ஆம் பிரிவும் 74ஆம் பிரிவும் இணைந்து உங்கள் சின்னத்திலுள்ள எச், எல், ஐ எழுத்துகள் குறிக்கும் ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆனதோ 1881இல். நம் கோட்டையடியில் மாண்டவர், பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த வெற்றியைத் தலையில் சூடியிருக்க வழியில்லை.

கதையை விட்டுவிட்டு உலோகத்தைப் பாருங்கள். சாதாரணச் சிப்பாய்களின் சின்னம் எஃகு அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டது என்பதால், முன்பக்கத்து மேடுகள் பின்பக்கத்தில் பள்ளங்களாகத் தெரிய வேண்டும். பின்புறம் தட்டையாகவோ, ஊசிமுனைக் குழிகளோடு சொரசொரப்பாகவோ, கைக்குக் கனமாகவோ இருந்தால், அசலிலிருந்து படியெடுத்த வார்ப்பு என்றே ஐயுற வேண்டும். தேய்மானமும் பேசும்: துடைத்துத் துடைத்து மழுங்க வேண்டியவை யானையின் நெற்றியைப் போன்ற மேடுகள்தாம்; இடுக்குகளும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் செயற்கையாகப் பழமையாக்கியிருக்கிறார்கள். ஆயினும் பழைய அச்சிலேயே பின்னாளில் அடித்த மறுபதிப்புகளும் சந்தையில் உலவுவதால், அச்சில் அடித்தது என்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. கிரீடத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். அரசர் காலக் கிரீடம் 1901 முதல் 1953 வரைக்குரியது.

ஓய்வு பெற்ற ஹவில்தார், பென்னாகரம்:

சேகரிப்பாளர் ஐயா சொன்ன கிரீட விதி பிற படைப்பிரிவுகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இந்தப் பிரிவின் கிரீடத்தை 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருதின் கழுத்துச் சங்கிலியில் காணும் கிரீடம் என்றே அவர்களது உடை விதிகள் வரையறுக்கின்றன. ஆகவே அதை வைத்து ஆண்டைக் கணிக்க வேண்டாம். 1959இல் இப்பிரிவு ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸுடன் இணைக்கப்பட்டது என்பதையே மேல் எல்லையாகக் கொள்ளுங்கள். நான் பணியாற்றிய மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னத்திலும் அதே அஸ்ஸாயே யானைதான் நிற்கிறது. அந்தப் போரில் நம் பட்டாளங்களும் போரிட்டன அல்லவா!

ஓசூர் நெசவாளி:

துணியைத் தனியே சோதிக்க வேண்டும். அசல் சின்னத்துக்குப் பின்னால் நேற்று வாங்கிய துணியை வைப்பது மிக எளிது. நீங்கள் சொல்லும் நிறங்கள் இப்பிரிவுக்குரிய மெக்கென்ஸி டார்டனுடன் (டார்டன் என்பது ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட கம்பளித் துணி) ஒத்துப்போகின்றன. ஆனால் சீஃபோர்த் ஹைலாண்டர்கள் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவும் அதையே அணிந்ததால் அது மட்டும் போதாது. சின்னத்தைக் கழற்றிப் பாருங்கள். நெடுங்காலம் ஒன்றாக இருந்திருந்தால், மூடிக்கிடந்த இடம் வெளுக்காமல் சின்னத்தின் வடிவிலேயே தெரியும். பின்புறக் கம்பிக் காதுகள் நுழைந்த துளைகளைச் சுற்றிக் கறையும் இருக்கும். ஓரத்தில் பிரிந்த ஓர் இழையை மட்டும் எரித்துப் பாருங்கள். கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றத்துடன் பொடியாகும், செயற்கை இழையானால் உருகிக் கெட்டி மணியாகத் திரளும்.

பர்கூர்க்காரன்:

மூவருக்கும் நன்றி. சின்னத்தின் பின்புறம் பள்ளங்கள் தெளிவாகவே உள்ளன. யானையின் நெற்றி மட்டும் மழுங்கியிருக்கிறது. துணியில் நிழல் படிந்த தடமே இல்லை. துளைகள் கத்தரிக்கோல் முனையால் குத்தியவைபோல் புதிதாக இருந்தன. இழை உருகி என் விரலைச் சுட்டது. கடைக்காரரிடம் காட்டியபோது, துணி தம் மகளின் பழைய பள்ளிப் பாவாடையிலிருந்து வெட்டியது என்று சிரித்தபடியே ஒப்புக்கொண்டார். சின்னத்துக்கு மட்டும் 1,200 என்று பேசி முடித்துவிட்டேன்.