பஸ் முனையத்துக்கு ஐந்து இடங்கள்: மதிப்பெண் முறை சொல்வதை நம்பலாமா?

வழித்தடம்:
நகர பஸ், வெளியூர் பஸ், மெட்ரோ மூன்றும் இணையும் முனையத்துக்கு ஐந்து இடங்கள் கைவசம். எட்டு அளவுகோல்களை வைத்து ஏஎச்பி முறையில் (அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை தரும் முறை) கணக்கிட்டால் புறவழிச்சாலை ஓரத்து 5 ஹெக்டேர் காலி நிலம் முதலில் வருகிறது. மெட்ரோவுக்கு 900 மீட்டர். ஒப்பீடுகள் எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் ஒத்திசைவு விகிதம் 0.17. பயணிகள் இருக்கும் இடங்களின் ஈர்ப்பு மையத்தை (எடையிட்ட சராசரிப் புள்ளி) கண்டுபிடித்தால் அது ஏரிக்குள் விழுகிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

துலாக்கோல்:
0.17 என்றாலே அந்தத் தரவரிசையை மூடி வைத்துவிடலாம். இந்த முறையை வகுத்த சாட்டி வைத்த மேல் வரம்பு 0.10. எட்டு அளவுகோல் என்றால் 28 இணை ஒப்பீடுகள். பாதியைத் தாண்டியதும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படத்தான் செய்யும். ஐந்தாகக் குறைத்தால் பத்தே ஒப்பீடு.

பட்டியலில் நிலவிலை, கையகப்படுத்தும் எளிமை, திட்டச் செலவு மூன்றும் தனித்தனியாக இருக்கின்றனவா? அப்படியானால் ஒரே மலிவுக்கு மூன்று முறை மதிப்பெண் போயிருக்கும். வெள்ளம் தேங்குவது, பட்டா வில்லங்கம் போன்றவற்றுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். முதலிலேயே சலித்துத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் முழங்கால் தண்ணீரை மலிவு விலை ஈடுகட்டிவிடும். கடைசியில் எடைகளை 20% கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முதலிடம் ஆடினால் முடிவு இன்னும் வரவில்லை.

சந்திப்பு:
ஈர்ப்பு மையம் குறைப்பது தூரத்தின் வர்க்கத்தை, அதுவும் நேர்கோட்டில். எட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு புறநகர்கூட அந்த மையத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தூரத்தையே குறைக்க வைஸ்ஃபெல்டு என்ற கணிதவியலாளர் 1937-இல் தந்த மறுசெய்கை முறை (விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தி நெருங்குவது) உண்டு. ஆனால் பஸ் ஓடுவது சாலையில். சாலை வலையமைப்பில் மொத்தப் பயணத்தைக் குறைக்கும் புள்ளி ஒன்று ஏதாவதொரு சந்திப்பிலேயே கிடைத்துவிடும் என்று ஹக்கீமி என்ற ஆய்வாளர் 1964-இல் நிறுவினார். ஐந்தே இடங்களுக்கு அதுகூட அதிகம். பகுதிவாரியாகப் பயணிகள் எண்ணிக்கை × பயண நிமிடம், காலை நெரிசலுக்கு ஒரு அட்டவணை, மதியத்துக்கு ஒன்று. போதும்.

நடைமேடை:
எனக்கு உறுத்துவது அந்த 900 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் 12.5 நிமிடம், பெட்டியும் குழந்தையுமாக வந்தால் இன்னும் கூடும். ஒரு சிக்னலில் ஒரு நிமிடம் நிற்பது 72 மீட்டர் நடைக்குச் சமம். இணைப்பு பஸ் விடலாம் என்பார்கள். அது ஒரு மாறுதலை இரண்டாக்கும். தூரத்தையும் மதில் முதல் மதில்வரை அளக்காமல் நடைமேடை முதல் நடைமேடை வரை அளந்து பாருங்கள்.

புறவழிச்சாலை இடத்துக்குப் போக ஒரு நடைக்கு 1.5 கிமீ சுற்று, 150 பஸ், பஸ்ஸுக்கு 8 நடை என்றால் நாளுக்கு 1,800 கிமீ. நிலத்தில் மிச்சமாகும் பணத்துக்கு எதிரே இந்த ஓட்டத்தின் செலவை வைத்துப் பாருங்கள்.

வழித்தடம்:
அளவுகோல்களை ஐந்தாகச் சுருக்கியதில் விகிதம் 0.06. மெட்ரோவை ஒட்டிய 2 ஹெக்டேர் முன்னுக்கு வந்துவிட்டது. இடம் போதுமா? ஒரு பக்கம்தான் சாலை.

பணிமனை:
மணிக்கு 60 பஸ், ஒவ்வொன்றும் 10 நிமிடம் நின்றால் 10 பஸ் பே (ஒரு பஸ் நிற்கும் இடம்) வேண்டும். நேரம் பிசகாமல் எந்த பஸ்ஸும் வராது, ஆகவே 70% பயன்பாடு என்று வைத்து 15. இதற்கு 2 ஹெக்டேர் தாராளம். இடத்தை விழுங்குவது ஓய்வில் நிற்கும் பஸ்கள்தான். அவற்றைப் பணிமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

சிக்கல் வாசலில்தான் வரும். நுழைவையும் வெளியேற்றத்தையும் சாலை முகப்பின் இரு முனைகளில் வையுங்கள். சிக்னலை ஒட்டி இரண்டுமே வேண்டாம். தடுப்புக் கம்பத்துக்கும் சாலைக்கும் நடுவே 12 மீட்டர் பஸ்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்க 40 மீட்டர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் நான்காவது பஸ் அல்ல, இரண்டாவது பஸ்ஸே சாலையை அடைக்கும்.