'டூ டேஸ் அகோ'வா, 'டூ டேஸ் பிஃபோர்'ஆ? ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்

மடிவாளா_மாடிவீடு (கேள்வி)

வணக்கம் மக்களே. பெங்களூருக்கு வந்து 6 வருஷம் ஆகிறது. பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி, இருந்தாலும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதில் இனிமேல் பயமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன வாரம் வரைக்கும்.

நடந்தது இதுதான். 12-ஆம் தேதி அதிகாலை 2:10-க்கு எங்கள் பேமென்ட் பக்கம் படுத்துவிட்டது. ஏன் படுத்தது என்று வாடிக்கையாளருக்கு அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம் ஒரு செட்டிங் மாற்றம், 10-ஆம் தேதி மாலை 4 மணிக்கு எங்கள் ஆள் ஒருவர் செய்தது. நான் உட்கார்ந்து எழுதி முடித்து அனுப்பியபோது 16-ஆம் தேதி. அதில் எழுதினேன்: 'தி செட்டிங் வாஸ் சேஞ்ச்டு டூ டேஸ் அகோ'. என் மனசில் இருந்தது படுப்பதற்கு இரண்டு நாள் முன்பு என்பது. கலிஃபோர்னியாவில் அதைப் படித்தவர் 16-இலிருந்து பின்னால் எண்ணி, 14-ஆம் தேதி லாக்கை, அதாவது சர்வர் தானே நேரம் போட்டு எழுதி வைக்கிற பதிவை, திறந்து தேடிவிட்டு, 'சர்வர் படுத்தது 12, மாற்றம் செய்தது 14, அப்படியென்றால் காரணம் இதுவாக எப்படி இருக்க முடியும்' என்று மொத்தக் குழுவுக்கும் சிசி போட்டுக் கேட்டுவிட்டார்.

மேனேஜர் அதை 'பிஃபோர் டூ டேஸ்' என்று திருத்தினார். பக்கத்து சீட் டெல்லிக்காரர் 'டூ டேஸ் பேக்' போடு, எல்லாருக்கும் புரியும் என்கிறார். இன்னொருத்தி 'எர்லியர்' என்கிறாள். எனக்குத் தமிழில் இந்த நாலுக்கும் 'முன்னாடி' என்ற ஒரே சொல்தான். எதை எங்கே போடுவது என்று மண்டையில் நிற்கிற மாதிரி யாராவது சொல்லுங்கள். அப்படியே இந்த 'ஹேட்' எப்போது வரும் என்பதையும்.

பேஜர்_அடிமை

தேதியும் நேரமும் போட்டுவிட்டுப் போங்கள், இலக்கணமே வேண்டாம். இரவு ஷிப்டில் வருஷக்கணக்காக இந்த மாதிரி அறிக்கைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் நைட்' என்று எழுதியிருந்தாலே எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் யாருடைய நேற்று, யாருடைய ராத்திரி?

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். யுடிசி என்பது உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கிற நேரம், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 12-ஆம் தேதி அதிகாலை 2:10 என்பது யுடிசியில் 11-ஆம் தேதி இரவு 8:40. 10-ஆம் தேதி மாலை 4 என்பது அதே 10-ஆம் தேதி காலை 10:30. அதாவது உங்கள் காலண்டரில் இரண்டு நாள் இடைவெளி, யுடிசியில் ஓடுகிற லாக்கில் பார்த்தால் ஒரே ஒரு நாள். உண்மையில் ஓடியது 34 மணி நேரமும் 10 நிமிடமும். கலிஃபோர்னியாக்காரருக்கோ படுத்த நேரம் 11-ஆம் தேதி மதியம், அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பியிருப்பார். இதில் 'டூ டேஸ்' என்று எந்தச் சொல்லோடு சேர்த்து எழுதினாலும் ஒருவர் தலையைச் சொறியத்தான் போகிறார். 'அபவுட் 34 அவர்ஸ் பிஃபோர் தி அவுட்டேஜ்' (அவுட்டேஜ் என்றால் இப்படிப் படுப்பது), பக்கத்தில் யுடிசி நேரம். முடிந்தது.

சாக்பீஸ்_கை

அவர் சொல்கிற 34 மணி நேரம் ரொம்பச் சரி. ஆனால் தம்பி கேட்டது வேறு, அதைத் தேதி போட்டுத் தப்பிக்க முடியாது. நாளைக்கு வேலைக்கான நேர்காணலில் வாயால் சொல்ல வேண்டி வந்தால் யுடிசியா சொல்வார்?

அல்சூரில் 26 வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன், பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களிடம் நான் ஆங்கில இலக்கணத்தில் ஆரம்பிப்பதே இல்லை, நம் சுட்டெழுத்தில்தான் ஆரம்பிப்பேன். இ என்றால் பக்கம், அ என்றால் தூரம். இன்று, அன்று. இப்போது, அப்போது. நாம் பேசுகிற இந்த நிமிடத்தில் நின்று எண்ணினால் இ-பக்கம். நடந்த கதைக்குள்ளே போய், அங்கே ஒரு நாளில் நின்றுகொண்டு எண்ணினால் அ-பக்கம். 'அகோ' முழுக்க இ-பக்கத்து ஆள். 'இன்றைக்கு இரண்டு நாள் முன்பு' என்று சொல்ல முடிந்தால் 'அகோ'. 'அதற்கு இரண்டு நாள் முன்பு' என்றால் 'டூ டேஸ் பிஃபோர்' அல்லது 'டூ டேஸ் எர்லியர்'. 'முன்னாடி' என்ற சொல் நமக்கு ஒன்றாக இருக்கலாம், அதற்கு முன்னால் 'இன்றைக்கு', 'அதற்கு' என்று நாம் விழுங்கிவிடுகிறோம் பாருங்கள், ஆங்கிலம் அதை விழுங்காமல் சொல்லையே மாற்றிவிடுகிறது.

மற்றதெல்லாம் இதே ஜோடிதான். இ-பக்கம் 'யெஸ்டர்டே', அ-பக்கம் 'தி டே பிஃபோர்' அல்லது 'தி ப்ரீவியஸ் டே'. நமக்கு நேற்று, முதல்நாள் என்று இருக்கிறதே, அதேதான். 'டுமாரோ'வுக்கு 'தி நெக்ஸ்ட் டே', நம் நாளை, மறுநாள் ஜோடி போல. 'லாஸ்ட் நைட்' இங்கே, 'தி நைட் பிஃபோர்' அங்கே. இந்த ஜோடிகளில் அ-பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரு 'தி' உட்கார்ந்திருக்கிறதைக் கவனித்தீர்களா? அதை 'அந்த' என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

'அகோ' என்பதே பழைய ஆங்கிலத்தில் 'போய்விட்ட' என்ற பொருளில் இருந்த 'அகான்' என்ற வினையின் மிச்சம். 'டூ இயர்ஸ் அகோ' என்றால் போன இரண்டு வருஷம், நம் 'போன வருஷம்' மாதிரியேதான். யாரிடமிருந்து போனது? பேசுகிற நம்மிடமிருந்து. அதனால்தான் அது 'இப்போது' என்பதை விட்டு அந்தப் பக்கம் நகராது. முடிந்துபோன கணக்கு என்பதால் 'ஐ ஹேவ் சென்ட் இட் டூ டேஸ் அகோ' என்றும் வராது, 'ஐ சென்ட் இட் டூ டேஸ் அகோ'தான்.

உங்கள் மேனேஜரின் 'பிஃபோர் டூ டேஸ்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? 'சுதந்திரத்துக்கு முன்' என்றால் 'பிஃபோர் இண்டிபெண்டன்ஸ்'. 'இரண்டு நாளுக்கு முன்' என்பதிலும் அதே 'க்கு முன்' இருக்கிறதே என்று 'பிஃபோர் டூ டேஸ்' போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'பிஃபோர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சியோ ஒரு நேரமோ வரும், அளவு அதற்கு முன்னால் போய் உட்காரும். 'டூ டேஸ் பிஃபோர் தி அவுட்டேஜ்' என்பதில் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. வெறும் 'பிஃபோர் டூ டேஸ்' வெளிநாட்டுக்காரர் காதில் 'இரண்டு நாள் ஆவதற்குள்' என்று விழலாம், கெடு வைக்கிற மாதிரி.

இந்திராநகர்_ஃபில்டர்காபி

டீச்சர் சொன்னதோடு சண்டை இல்லை, ஆனால் 'பேக்' பாவம், அதை எல்லாரும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? 'டூ இயர்ஸ் பேக்' இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேச்சில் ஓடுகிற சொல்தான். 'அகோ' மாதிரியே இப்போதிலிருந்துதான் எண்ணும், கொஞ்சம் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்ட 'அகோ' என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் தாராளமாகப் போடலாம், அறிக்கையில் வேண்டாம், அவ்வளவுதான். டெல்லிக்காரர் தப்பான மொழி சொல்லவில்லை, ஆனால் உங்கள் பிரச்சினையை அவர் சொல் தீர்க்காது, அதுவும் 14-ஆம் தேதிக்குத்தான் கொண்டுபோய் விடும்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது 'யெஸ்டர்டே நைட்', 'டுடே மார்னிங்'. நேற்று ராத்திரி, இன்று காலை என்று அப்படியே எடுத்துப் போடுகிறோம். 'லாஸ்ட் நைட்', 'திஸ் மார்னிங்' என்பதுதான் அவர்கள் பழக்கம். வேடிக்கை என்னவென்றால் 'யெஸ்டர்டே மார்னிங்', 'யெஸ்டர்டே ஈவினிங்' இரண்டும் அவர்களுக்குச் சரி, ராத்திரிக்கு மட்டும்தான் இந்த மாமியார் கெடுபிடி. இதற்கு நியாயம் கேட்காதீர்கள்.

பிழைதிருத்தி_ஜெயநகர்

'ஹேட்' பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன், பிழைப்பே அதுதான்.

கதையை நடந்த வரிசையிலேயே சொன்னால் 'ஹேட்' தேவையே இல்லை. 10-ஆம் தேதி மாற்றினார்கள், 12-ஆம் தேதி படுத்தது: இரண்டும் சாதாரண இறந்தகாலம். படுத்ததை முதலில் சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்கிறபோதுதான் 'ஹேட்' வரும். 'தி பேஜ் வென்ட் டவுன் ஆன் தி ட்வெல்ஃப்த். சம்ஒன் ஹேட் சேஞ்ச்டு தி செட்டிங் 34 அவர்ஸ் எர்லியர்.' இது நமக்குப் புதிதே இல்லை. 'நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கிளம்பியிருந்தார்' என்கிறோமே, அந்த 'இருந்தார்'தான் 'ஹேட்'.

அப்படியென்றால் நம் ஆட்கள் ஏன் 'ஐ ஹேட் கான் டு மைசூர் யெஸ்டர்டே' என்று கண்ட இடத்தில் போடுகிறார்கள்? எனக்குத் தோன்றுவது: தமிழில் 'நேற்று மைசூர் போயிருந்தேன்' என்பது இன்னொரு நிகழ்ச்சி இல்லாமலே அழகாக நிற்கும். போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன் என்கிற வாசனை அதில் உண்டு. அந்த 'போயிருந்தேன்' அப்படியே ஆங்கிலத்துக்குக் குடிபோய்விடுகிறது. அங்கே 'ஹேட்' வந்தாலே, சரி, அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார். 'ஐ வென்ட் டு மைசூர் யெஸ்டர்டே' போதும்.

டீச்சருக்கு ஒரு சின்ன இடைச்செருகல். பிறர் சொன்னதைச் சொல்லும்போது 'அகோ'வை எப்போதும் 'பிஃபோர்' ஆக்க வேண்டும் என்று பள்ளி அட்டவணையில் இருக்கும். இன்று காலை அவள் சொன்னதை இன்று மாலையே நான் சொன்னால் மாற்ற வேண்டியதில்லை, அவளுடைய இன்றும் என்னுடைய இன்றும் ஒன்றுதானே. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் மாற்றியே ஆக வேண்டும்.

சாக்பீஸ்_கை

உண்மை. அட்டவணையை மனப்பாடம் செய்த பிள்ளைகள்தான் அந்த இடத்தில் விழுவார்கள். இ-பக்கமா அ-பக்கமா என்று பார்த்தால் அட்டவணையே வேண்டாம்.

கன்னடத்_தமிழன்_80

நீங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் அழுகிறீர்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் கன்னடத்தில் குளித்த கதையைக் கேளுங்கள். வீட்டு ஓனரம்மா மாடிக்கு வந்து தொட்டி கழுவுவது பற்றி ஏதோ சொல்லிவிட்டு 'முந்தின வார' என்றார். ஆகா, போன வாரமே கழுவிவிட்டார்கள், நல்லது என்று தலையாட்டினேன். கன்னடத்தில் முந்தின வாரம் என்றால் அடுத்த வாரமாம்! அடுத்த வாரம் தலை நிறைய சீயக்காயோடு குழாயைத் திறந்தால் காற்று வருகிறது.

அப்புறம்தான் கவனித்தேன், நாம் 'இரண்டு நாளுக்கு முன்' என்கிற இடத்தில் அவர்கள் 'எரடு தினத ஹிந்தே' என்கிறார்கள், அதாவது பின்னால். நமக்குக் கடந்தது முன், அவர்களுக்குக் கடந்தது பின். அதற்காக முழுக்கத் தலைகீழ் என்றும் சொல்ல முடியாது, 'முஞ்சே' என்றால் அவர்களுக்கும் 'அதற்கு முன்பு'தான். ஆக, கன்னடத்தில்கூட டீச்சர் சொன்ன அந்த இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது போல. டெல்லிக்காரரிடம் இந்தியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அங்கே 'கல்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். வினையைக் கேட்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேஜர்_அடிமை

சீயக்காய் கதைக்கு விழுந்து சிரித்தேன். அந்த அறிக்கைக்கும் யுடிசி போட்டிருக்க வேண்டும் ஓனரம்மா.

மடிவாளா_மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், இன்றைக்கு / அதற்கு என்று வைத்துப் பழைய மெயில்களை எடுத்துப் பார்த்தேன், ஒன்பதில் ஆறு தப்பு. அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டேன்: 'தி பேஜ் வென்ட் டவுன் அட் 20:40 யுடிசி ஆன் தி லெவன்த். தி செட்டிங் ஹேட் பீன் சேஞ்ச்டு அபவுட் 34 அவர்ஸ் எர்லியர், அட் 10:30 ஆன் தி டென்த்.' கலிஃபோர்னியாக்காரர் கட்டைவிரல் போட்டுவிட்டார். மேனேஜர் மட்டும் 'பிஃபோர் டூ டேஸ்'இல் என்ன தப்பு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒன்று மிச்சம். அதே அறிக்கையில் 'இன் தி லாஸ்ட் ரிலீஸ்' என்றும் எழுதியிருக்கிறேன் (ரிலீஸ் என்றால் நாங்கள் வெளியிடுகிற மென்பொருள் பதிப்பு). அதில் ஏதாவது வில்லங்கம் உண்டா?

இந்திராநகர்_ஃபில்டர்காபி

உண்டு. 'லாஸ்ட்' என்றால் இதற்கு முந்தினது என்றும் படிக்கலாம், கடைசியாக வந்தது என்றும் படிக்கலாம், இனிமேல் ரிலீஸே கிடையாது என்றுகூடப் படிக்கலாம். எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள், இல்லையென்றால் 'தி ப்ரீவியஸ் ரிலீஸ்'. அதேபோல 'லாஸ்ட் வீக்' என்றால் போன வாரம், 'தி லாஸ்ட் வீக்' என்று 'தி' சேர்த்தால் இன்றோடு முடிகிற ஏழு நாள். 'லாஸ்ட் ஃப்ரைடே'யை மட்டும் ஞாயிற்றுக்கிழமை எழுதிவிடாதீர்கள், முந்தாநாளா ஒன்பது நாள் முன்பா என்று இன்னொரு சிசி வரும்.

மடிவாளா_மாடிவீடு

அனுப்பியாகிவிட்டதே!