ரத்தத்தைக் கீழே அனுப்பும் முன் ஒரு ஸ்லைடு போடுங்கள்

நீலகிரி மலையில், கூடலூர் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை லேபில் வேலை செய்கிறேன். பந்தலூரிலிருந்து ஒரு பணியர் பழங்குடிக் குடும்பம் மகனைக் கூட்டி வந்தது. எட்டு வயதிருக்கும். விடாத காய்ச்சல், வெளுத்த முகம், காலெல்லாம் கன்றிப்போன தடம். இந்த மக்களிடம் அரிவாள் செல் சோகை உண்டு என்பதால் ரத்தக்குறைவு என்றாலே மனம் முதலில் அங்கேதான் போகும். ஆனால் ரத்த அணுக்களை எண்ணும் கவுண்டர் மெஷினில் வெள்ளையணு 60,000-ஐத் தாண்டியிருந்தது, பெரும்பகுதி லிம்போசைட் என்று. பிளேட்லெட் 20,000கூட இல்லை.

சின்ன மெஷின்கள் செல்லின் அளவைப் பார்த்துத்தான் பிரிக்கும். ரத்தப் புற்றுநோயில் பெருகும் முதிராத பிளாஸ்ட் செல்லை லிம்போசைட் கணக்கிலோ மோனோசைட் கணக்கிலோ சேர்த்துவிடும். ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லத் தடவி ஸ்லைடு போட்டு, லீஷ்மன் சாயம் ஏற்றி, ஆயில் லென்ஸில் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் பிளாஸ்ட். ஐபீஸில் போனை வைத்துப் படமெடுத்து, பெயர் போடாமல், கோவையில் பழக்கமான பாத்தாலஜிஸ்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். “ஸ்டீராய்டு எதுவும் போடாமல் உடனே அனுப்புங்கள்” என்றார். இதைத் தயவுசெய்து எல்லோரும் மனதில் வையுங்கள். காய்ச்சலுக்கென்று ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் பிளாஸ்ட் குறைந்து, அப்புறம் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையே குழம்பிப்போகலாம்.

எந்த வகை ரத்தப் புற்றுநோய் என்று சொல்ல, செல்களின் அடையாளங்களைப் பார்த்துப் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்ட் வேண்டும், அது மலைக்குக் கீழே பெரிய லேபில்தான் நடக்கும். சரி, சந்தேகப்படுவதாவது இங்கேயே நடக்கலாமே! மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டால், ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடி ட்யூபுக்குள்ளேயே செல்கள் உருமாறிவிடும். ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் ஸ்லைடு போட்டு, காயவைத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ட்யூபோடு சேர்த்து அனுப்புங்கள்.

பையனுக்கு ஏ.எல்.எல் (வேகமாகப் பரவும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்று உறுதியானது. சிகிச்சை நடக்கிறது.

பதில், கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, என் அப்பாவுக்கு வந்தது சி.எம்.எல், மெதுவாக வளரும் இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய். மண்ணீரல் வீங்கி, இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்ளும். ஸ்லைடில் தடவிய ரத்தத்தைப் பார்த்தே டாக்டர் சந்தேகப்பட்டார். ஆனால் இந்த நோயை உறுதிசெய்யும் பி.சி.ஆர்-ஏ.பி.எல் (BCR-ABL) மரபணு டெஸ்ட் முடிவு வரும்வரை இதற்கான இமாட்டினிப் மாத்திரையைத் தொடங்கவில்லை. 2001-லேயே வந்த மருந்து, கடையில் இருக்கிறது, டெஸ்டுக்காகக் காத்திருக்கிறோம்! அந்த நாட்களில் அம்மா தூங்கவே இல்லை. காசநோய் பார்க்கிற ஜீன்எக்ஸ்பெர்ட் மெஷினிலேயே வேறு கார்ட்ரிட்ஜ் போட்டு இந்த டெஸ்டை 2 மணி நேரத்தில் பார்க்க முடியும். நீலகிரியில் எங்காவது அந்தக் கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கிறார்களா? அப்பாவுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை அந்த மரபணுவின் அளவு பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.